ஒரே சார்ஜர் சட்டமும் நம் வீட்டுச் சார்ஜர் மூட்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்கழிவு திரட்டி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கிறோம். டிவியும் கம்ப்யூட்டரும் எப்போதாவதுதான் வரும். தவறாமல் வருவது சார்ஜர் மூட்டை. ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட கேபிள்களைப் பிரித்தபடி உட்கார்ந்திருக்கும்போது, கொண்டுவந்தவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் அவையேதான். நான்கு ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐரோப்பாவில் எல்லாவற்றுக்கும் ஒரே சார்ஜர் என்று சட்டம் வந்துவிட்டதாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் 'ஒரே சார்ஜர்' என்பதைவிட 'ஒரே துளை' என்று சொன்னால் சரியாக இருக்கும். கம்பி வழியாகச் சார்ஜ் ஏறும் சிறு கருவிகளில் யூ.எஸ்.பி. டைப்-சி துளை இருந்தாக வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022/2380 எண் கொண்ட சட்டம். 2022 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 602 பேர் ஆதரித்தும் 13 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. லேப்டாப்புகளுக்கு மட்டும் 2026 ஏப்ரல் 28 வரை அவகாசம் தரப்பட்டது.

சட்டத்தில் துளை மட்டும் இல்லை. வேகமாகச் சார்ஜ் ஏறும் கருவிகள் எல்லாம் 'யூ.எஸ்.பி. பவர் டெலிவரி' என்ற பொதுமுறையையும் ஏற்க வேண்டும். அடாப்டர் இல்லாமல் கருவியை மட்டும் வாங்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். பெட்டிக்குள் அடாப்டர் இருக்கிறதா இல்லையா, கருவிக்கு எத்தனை வாட் தேவை என்பவற்றைப் பெட்டியின் மேலேயே படமாக அச்சிட வேண்டும். செய்திகளில் அடிபட்டது துளை. கழிவு குறைய வேண்டும் என்று கவலைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியது அந்த அடாப்டர் விஷயம். அதற்குக் கீழே வருகிறேன்.

எந்தெந்தப் பொருள்களுக்கு இது பொருந்தும்? என் ஷேவருக்கும் உண்டா?

போன், டேப்லெட், டிஜிட்டல் கேமரா, ஹெட்போன், ஹெட்செட், இயர்பட், கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் கருவி, தூக்கிச் செல்லும் ஸ்பீக்கர், மின்நூல் வாசிக்கும் கருவி, கீபோர்டு, மவுஸ், வழிகாட்டிக் கருவி, லேப்டாப். பட்டியல் இவ்வளவுதான். ஷேவரும் மின்சாரப் பல்துலக்கியும் கைக்கடிகாரமும் அதில் இல்லை. கம்பியே இல்லாமல் சார்ஜ் ஏறும் கருவியில் துளை வைக்கச் சொல்லியும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

அப்படியானால் என் பழைய போன் செல்லாதா?

செல்லும். புதிதாகச் சந்தைக்கு வரும் பொருள்களைத்தான் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உங்கள் கையில் இருப்பதை யாரும் பிடுங்க மாட்டார்கள். 2024 டிசம்பர் இறுதியில், லைட்னிங் என்ற தன் சொந்தத் துளை உள்ள ஐபோன் 14 போன்ற மாடல்களை ஆப்பிள் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இத்தனை வகை இருக்கும்போது டைப்-சியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

2014இல் வெளியான இந்த அமைப்பு எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுடைமை இல்லை. எப்படித் திருப்பிச் செருகினாலும் நுழையும்; மைக்ரோ யூ.எஸ்.பி.யை இருட்டில் தலைகீழாக அழுத்தித் துளையைக் கெடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உள்ளே 24 தொடுமுனைகள் இருக்கின்றன. மின்சாரம், தரவு, திரைக்காட்சி மூன்றும் ஒரே கேபிளில் போகலாம். 2021இல் விரிவாக்கப்பட்ட பவர் டெலிவரி முறைப்படி 240 வாட் வரை கடத்தும். இயர்பட்டுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே துளை போதும் என்று சொல்ல முடிந்தது இதனால்தான்.

இதற்கு முன்னால் யாருக்கும் இந்த யோசனை வரவில்லையா?

வந்தது. சின்ன பின், பெரிய பின் என்று கடையில் கேட்டு வாங்கிய நோக்கியா காலம் நினைவிருக்கும். அந்தக் காலத்திலேயே, 2006இல், சீனா ஒரு தரநிலை கொண்டுவந்தது. சுவரில் மாட்டும் அடாப்டரில் யூ.எஸ்.பி. துளை இருக்க வேண்டும் என்றது. போன் பக்கத்து முனை எப்படியும் இருக்கட்டும், அடாப்டர் பொதுவாக இருந்தால் கேபிளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. இன்று நாம் அடாப்டர் வேறு, கேபிள் வேறு என்று இயல்பாகப் பேசுவதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். அதற்குரிய மதிப்பு அதற்குக் கிடைக்கவில்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஐரோப்பாவில் 2009இல் பெரிய போன் நிறுவனங்களை அழைத்து, மைக்ரோ யூ.எஸ்.பி.க்கு மாறுவதாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அப்போது புழக்கத்தில் இருந்த சார்ஜர் வகைகள் சுமார் 30. சில ஆண்டுகளில் அவை மூன்றாகச் சுருங்கின. ஆனால் அது விருப்ப ஒப்பந்தம். இடையில் ஒரு மாற்றுத் துண்டு விற்றாலே ஒப்பந்தத்தை மதித்ததாகக் கணக்கு. ஆப்பிள் அந்த வழியில் போனது. 2014இல் ஒப்பந்தம் காலாவதியானது. அதன் பிறகு நடந்த பேச்சுவார்த்தைகள் எதுவும் உருப்படவில்லை. 2020 ஜனவரியில் நாடாளுமன்றமே தீர்மானம் போட்டு, கட்டாயச் சட்டம் கொண்டுவாருங்கள் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தை நெருக்கியது.

ஆப்பிள் இவ்வளவு எதிர்த்ததற்கு ஏதாவது நியாயம் இருக்கிறதா?

கொஞ்சம் இருக்கிறது. ஒரே வகைத் துளையைச் சட்டமாக்கினால் புதுக் கண்டுபிடிப்பு முடங்கும் என்பது அவர்கள் வாதம். யோசித்துப் பாருங்கள்: 2009இல் மைக்ரோ யூ.எஸ்.பி.யைச் சட்டத்தில் எழுதியிருந்தால், அதைவிட நல்லது வருவதற்குத் தடையாகியிருக்கலாம். எப்படித் திருப்பினாலும் நுழையும் வசதியை 2012இல் லைட்னிங் தந்தது; டைப்-சி வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். அதனால்தான் தொழில்நுட்பம் மாறும்போது தரநிலையைத் திருத்தும் அதிகாரத்தைப் புதுச் சட்டம் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது.

இருந்தாலும் 2022 வாக்கில் அந்த வாதம் வலுவிழந்துவிட்டது. அவர்களுடைய லேப்டாப்புகளும் பெரும்பாலான டேப்லெட்டுகளும் ஏற்கெனவே டைப்-சிக்கு மாறியிருந்தன. போனில் மட்டும் லைட்னிங்கை வைத்திருந்ததில், கேபிள் தயாரிப்பாளர்களிடமிருந்து வரும் உரிமத் தொகையும் ஒட்டியிருந்தது. 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15 டைப்-சியோடு வந்தது. ஐரோப்பாவுக்கு மட்டுமில்லை, உலகம் முழுவதற்கும். நம் ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஆலையிலும் அந்தப் போன் தயாரானது. இருபத்தேழு நாடுகள் போட்ட சட்டம் நம் ஊர்த் தொழிற்சாலை வரை வந்து சேர்ந்த விதம் இதுதான்.

இந்தியாவில் இந்தச் சட்டம் வந்துவிட்டதா, இல்லையா?

தரநிலை வந்திருக்கிறது. தரநிலையும் கட்டாயமும் வேறு வேறு. 2022 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, தயாரிப்பாளர்களையும் மற்றவர்களையும் கூட்டிப் பேசியது. போன், டேப்லெட், லேப்டாப்புகளுக்கு டைப்-சி, பட்டன் போன்களுக்குத் தனியாக ஒரு வகை என்று இரண்டு துளைகளை நோக்கிப் போகலாம் என்பது அங்கே எழுந்த கருத்து. விலை குறைந்த பட்டன் போன் கோடிக்கணக்கானவர்களின் கையில் இருக்கும் நாட்டில் இது அக்கறையான முடிவு என்றே சொல்வேன். 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கான தரநிலையை வெளியிட்டது. தரநிலை வெளிவந்ததால் மட்டுமே அது எந்தத் தயாரிப்பாளரையும் கட்டுப்படுத்திவிடாது. கட்டாயமாக்க அரசு தனியே ஆணை பிறப்பிக்க வேண்டும். கடையில் 'சட்டப்படி இனி இதுதான்' என்று சொல்லி விற்கப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.

எல்லாமே டைப்-சிதானே, பிறகு ஏன் போன் கேபிளில் லேப்டாப் சரியாக ஏறவில்லை?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. துளை ஒன்றானது, கேபிள் ஒன்றாகவில்லை. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் 5 ஆம்பியர் போக வேண்டுமென்றால், கேபிளின் முனைக்குள் இ-மார்க்கர் என்ற சிறிய சிப் இருக்க வேண்டும். 'நான் இவ்வளவு தாங்குவேன்' என்று அடாப்டருக்குச் சொல்வது அந்தச் சிப்தான். அது இல்லாவிட்டால் 100 வாட் அடாப்டரும் 60 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். லேப்டாப் மெதுவாக ஏறும். நாம் அடாப்டரைக் குறை சொல்வோம்.

இன்னொன்று, சில போன் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி வேகமுறை வைத்திருக்கின்றன. அந்த நிறுவனத்தின் அடாப்டர், கேபிள், போன் மூன்றும் சேர்ந்தால்தான் விளம்பரத்தில் சொன்ன வேகம் வரும். ஐரோப்பியச் சட்டம் அதைத் தடை செய்யவில்லை. தனிமுறை இருக்கட்டும், பவர் டெலிவரியும் குறையில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்கிறது. நான் எங்கள் வீட்டில் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு கேபிளின் முனையிலும் வெள்ளை ஒட்டுத்தாள் சுற்றி '60', '100' என்று பேனாவால் எழுதிவிட்டேன். வாங்கும்போது பெட்டியைப் பார்த்து எழுதினால்தான் உண்டு. பெட்டியைத் தூக்கிப் போட்ட பிறகு கேபிளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

65 வாட் லேப்டாப் சார்ஜரைச் சின்ன போனில் போட்டால் வெடித்துவிடாதா?

வெடிக்காது. நல்ல தரமுள்ள அடாப்டர் 65 வாட்டையும் போனுக்குள் திணிப்பதில்லை. செருகியதும் இரண்டும் பேசிக்கொள்ளும். முதலில் 5 வோல்ட் மட்டும்தான் வரும். போன் 9 வோல்ட் கேட்டால் 9, கேட்காவிட்டால் 5 என்றே இருக்கும். எவ்வளவு மின்னோட்டம் எடுப்பது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது. பயப்பட வேண்டியது அதிக வாட்டுக்கு அல்ல. பெயரே இல்லாத, தரமுத்திரை இல்லாத, கையில் தூக்கினால் காற்றைப் போல் கனமற்றிருக்கும் மலிவு அடாப்டருக்கு.

அக்கா, என் புது ஸ்பீக்கரில் டைப்-சி துளைதான் இருக்கிறது. ஆனால் இருபக்கமும் சி உள்ள கேபிளில் ஏறவே மாட்டேன் என்கிறது. பழைய கேபிளில் ஏறுகிறது. என்ன கோளாறு?

கேட்ட தம்பி ஸ்பீக்கரையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பழுது பார்க்கத் தெரிந்த நண்பர் ஒருவர் நான்கு திருகாணியைக் கழற்றித் துளைக்குப் பின்னால் உள்ள பலகையைக் காட்டினார். இரண்டு சிறு மின்தடைகள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஒவ்வொன்றும் 5.1 கிலோ ஓம், கடுகைவிடச் சிறியவை, விலை பைசாக் கணக்கு.

டைப்-சி அடாப்டர் தன் துளையில் எப்போதும் மின்சாரத்தை வைத்திருப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் அந்த மின்தடை தென்பட்டால்தான் திறந்துவிடும். பழைய அகலத் துளை (யூ.எஸ்.பி.-ஏ) அடாப்டரோ கேட்காமலேயே 5 வோல்ட் தரும். அதனால்தான் பழைய கேபிளில் ஏறியது. துளையை மட்டும் டைப்-சியாக வைத்துவிட்டு, உள்ளே தரநிலையைப் பின்பற்றாமல் விட்ட பொருள் இது. பார்வைக்கு ஒரே துளை, பயன்பாட்டில் பழைய அடாப்டரையே கட்டி அழ வேண்டும். சட்டம் துளையின் வடிவத்தோடு நிற்காமல் தரநிலையின் எண்ணையே எழுதிவைத்திருப்பது இத்தகைய ஏமாற்றுக்காகத்தான். வாங்கும்போது கடையிலேயே இருபக்கச் சி கேபிளைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

பெட்டியில் சார்ஜரே தராமல் விற்பது கொள்ளை இல்லையா? இதையா நல்லது என்கிறீர்கள்?

கோபம் நியாயமானது. 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியிலிருந்து ஆப்பிள் அடாப்டரை எடுத்தது. சுற்றுச்சூழலைக் காரணம் சொன்னது. ஆனால் பெட்டிக்குள் வைத்த கேபிளின் மறுமுனை டைப்-சி. அதுவரை மக்கள் கையில் இருந்த அடாப்டர்களில் பெரும்பாலானவை பழைய அகலத் துளை உள்ளவை. வீட்டில் அடாப்டர் இருந்தும் அந்தக் கேபிளைச் செருக முடியவில்லை. புதிதாக ஒன்று வாங்கினார்கள். அது தனிப் பெட்டியில், தனி வண்டியில் வந்தது. சார்ஜர் இல்லாமல் விற்றதற்காக 2022இல் பிரேசில் அரசு அந்த நிறுவனத்துக்கு 1.2 கோடி ரெயாலுக்கு மேல் அபராதம் விதித்தது.

ஐரோப்பியச் சட்டம் இதை வேறு விதமாக அணுகுகிறது. அடாப்டரோடு விற்காதே என்று சொல்லவில்லை. அடாப்டரோடு விற்றால், இல்லாமலும் விற்க வேண்டும், தேர்வு வாங்குபவருடையது. துளை பொதுவாக இருக்கும்போது, வீட்டில் உள்ளதே போதும் என்று அவர் துணிந்து சொல்ல முடியும். இந்த வரிசையில் நடந்தால்தான் அடாப்டரை எடுப்பது நல்லது. துளையைப் பொதுவாக்காமல் அடாப்டரை மட்டும் எடுத்தால் செலவு நம் தலையில் விழுகிறது, கழிவும் குறைவதில்லை. விலையைக் குறைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது என் வருத்தம்.

இதனால் உண்மையில் எவ்வளவு குப்பை குறையும்?

ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீட்டையே சொல்கிறேன். தூக்கி எறியப்பட்டும் பயன்படாமலும் போகும் சார்ஜர்களால் அங்கே ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் கழிவு. சட்டத்தால் குறையும் என்று எதிர்பார்ப்பது ஆண்டுக்குச் சுமார் 980 டன். பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை. உலகம் முழுவதும் 2022இல் உண்டான மின்கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. 2030இல் 8.2 கோடி டன் ஆகும் என்றும் அது கணிக்கிறது.

இந்தக் கணக்கைப் பார்த்து 'அப்படியானால் சட்டம் வீண்' என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சார்ஜருக்காக மட்டும் ஆண்டுக்கு 25 கோடி யூரோ வரை மக்களுக்கு மிச்சமாகும் என்று அதே மதிப்பீடு சொல்கிறது. தினப்படி அலைச்சல் குறைவது அதற்கும் மேல். ஆனால் மின்கழிவு மலையைக் கரைக்க இது போதாது என்பதை மறைக்கவும் கூடாது. கருவியே நீண்ட நாள் உழைக்க வேண்டும். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பாவில் வேறொரு விதி நடப்பில் இருக்கிறது: போன் மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகம் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரி முதல் போன் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். ஒரு போன் இரண்டு ஆண்டு கூடுதலாக உழைத்தால் மிச்சமாவது ஒரு சார்ஜர் அல்ல, ஒரு முழு போன். சார்ஜர் சட்டத்தைவிட இவ்விரண்டும் எனக்குப் பெரியவை.

எல்லோரும் டைப்-சிக்கு மாறினால் பழைய கேபிளெல்லாம் ஒரேயடியாகக் குப்பைக்குத்தானே போகும்?

ஒரு பகுதி போகும். மைக்ரோ யூ.எஸ்.பி., லைட்னிங் கேபிள்கள் எங்கள் மூட்டையில் கூடிக்கொண்டுதான் வருகின்றன. ஆனால் பழையதாகிப்போவது கேபிளின் ஒரு முனை மட்டும். அடாப்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. சீனத் தரநிலை பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அதன் பலன் இங்கேதான். அகலத் துளை அடாப்டர் நல்ல நிலையில் இருந்தால், ஒரு முனை அகலமும் மறுமுனை சியும் உள்ள கேபிளைப் போட்டு இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். இரவு முழுவதும் மெதுவாக ஏறினால் போதும் என்கிறவர்களுக்கு வேகம் எதற்கு?

சரி, இனி வேலைக்கே ஆகாத சார்ஜரை என்ன செய்வது? பழைய இரும்புக் கடையில் போட்டால் காசாவது கிடைக்குமே?

தயவுசெய்து போடாதீர்கள். ஒருமுறை கெட்டுப்போன அடாப்டர் ஒன்றைப் பிளந்து பிள்ளைகளுக்குக் காட்டினோம். தீப்பெட்டி அளவுப் பச்சைப் பலகை, மஞ்சள் நாடா சுற்றிய குட்டி டிரான்ஸ்ஃபார்மர், அதற்குள் முடியைப் போன்ற செம்புக் கம்பி, உருளை வடிவ மின்தேக்கி, ஈயப்பற்று. நீங்கள் பிளக்க வேண்டாம். மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். கழிவுத் தொழிலில் காசு அந்தச் செம்பில்தான். முறைசாராத இடங்களில் செம்பை எடுக்கச் சுலபமான வழி கேபிளைக் குவித்துக் கொளுத்துவது. மேலுறை பி.வி.சி. பிளாஸ்டிக், எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. டெல்லியின் சீலம்பூரிலும் கானா நாட்டு அக்ராவின் அக்போக்ப்ளோஷியிலும் இந்த வேலை செய்து மூச்சைக் கெடுத்துக்கொண்டவர்களில் சிறுவர்களும் உண்டு.

இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பொருளுக்கு ஈடாகக் கழிவை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. ஆகவே கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் போன் நிறுவனத்தின் சேவை மையத்தில் எடுத்துக்கொள்வார்களா என்று விசாரியுங்கள். ஐரோப்பாவில் மின்னணுப் பொருள்களுக்கு 400 சதுர மீட்டருக்கு மேல் இடம் ஒதுக்கிய கடைகள், 25 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு மின்கழிவை எதையும் வாங்கச் சொல்லாமல் இலவசமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். பால் பாக்கெட் வாங்கப் போகும்போதே பழைய சார்ஜரைப் போட்டுவிட்டு வரும் அந்த எளிமை நம் ஊருக்கும் வர வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுவருகிறேன்.

கம்பியில்லாச் சார்ஜிங் வந்துவிட்டால் இதெல்லாம் தேவையே இருக்காதே?

துளையே இல்லாத போன் வந்தால் இந்தச் சட்டம் அதைத் தொடாது. இரண்டாவது கேள்வியிலேயே அது வந்துவிட்டது. கம்பியில்லாச் சார்ஜிங்கிலும் ஆளுக்கொரு முறை முளைத்துவிடாதபடி பொதுத் தரநிலை வகுக்கும் வேலையையும் சட்டம் ஆணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. ஆனால் கம்பியில்லாமல் ஏற்றும்போது மின்சாரத்தின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. போனின் பின்புறத்தைத் தொட்டாலே தெரியும். அந்தச் சார்ஜிங் தட்டுக்கும் ஓர் அடாப்டரும் கேபிளும் வேண்டும். இப்போது விற்கும் தட்டுகளின் பின்னால் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலும் அங்கே இருப்பதும் டைப்-சி துளைதான்.